செவி, ஏடு, விரல்

கண்டி மாநகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில், மாத்தளை நகரைக் கடந்ததும், பெரும் பாறைகளின் நடுவே அலுவிகாரை தோன்றும். ஆலோகம் என்ற பாளிச் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். அச்சொல்லிலிருந்தே இவ்விகாரையின் பெயர் பிறந்தது என்பர். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் அரசு புரிந்த காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே வழங்கி வந்த திரிபிடகமும் அதன் உரையும் ஏட்டில் எழுதப்பெற்றன என்று மகாவமிசம் கூறுகின்றது. எழுதிய இடம் அலுவிகாரை என்பதும், எழுதியோர் 500 துறவியர் என்பதும் பிற்கால மரபு.

அதற்கு முன் நூல் என்பது மனிதரின் நெஞ்சிலே இருந்தது. பாணகர் எனப்பட்ட துறவியர், ஒவ்வொரு குழுவினரும் ஒவ்வொரு பகுதியை மனப்பாடம் செய்து, மாணாக்கருக்கு ஓதுவித்து வந்தனர். நாட்டில் போர்க்குழப்பமும் கொடிய பஞ்சமும் ஒருங்கே வந்தன. துறவியர் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்து சென்றனர். மகாநித்தேசம் என்னும் நூலை முற்றும் அறிந்தவர் ஒரே ஒரு துறவிதாம் எஞ்சியிருந்த காலமும் உண்டு எனப் பாளி உரைநூல் ஒன்று உரைக்கின்றது. அந்த ஒருவர் மறைந்திருப்பின் அந்நூலும் அவருடனே மறைந்திருக்கும். ஆதலின் ஏடு எழுதியது அறிவை அழிவினின்றும் காத்த பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இச்செயலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. செவியாற் கற்ற காலத்தில் கண்ணுடையவரும் கண்ணற்றவரும் ஒரே வரிசையில் இருந்து கற்கலாம். ஆசிரியர் ஓதுவதைக் கேட்டு நெஞ்சிற் பதிப்பதற்கு விழி வேண்டுவதில்லை. தம்மபத உரையின் முதற்கதையே பார்வை இழந்த சக்குபாலர் என்ற தேரரின் கதையாகும். அறிவு ஏட்டில் ஏறிய பின்னரோ, கல்வியின் வாயில் செவியை விட்டுக் கண்ணுக்கு மாறியது. ஏட்டைப் பார்க்க இயலாதவர், பார்க்க வல்லவர் ஒருவரின் தயவை எதிர்நோக்க வேண்டியவராயினர். எழுத்து ஒரு கதவைத் திறந்தது. அதே வேளையில் மற்றொரு கதவு மெல்ல மூடிக்கொண்டது. மூடிய அக்கதவு மீண்டும் எவ்வாறு திறக்கப்பட்டது, அதைத் திறந்தவர் யாவர் என்பது உலக வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம்.

இந்த அத்தியாயத்தைத் தெளிவாகக் காண்பதற்கு யூத மக்களின் கல்வி மரபு சிறந்த சான்று. அவர்களிடையேயும் சமயச் சட்டங்களும் விளக்கங்களும் நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கின. கி.பி. 200ஆம் ஆண்டளவில் யூதா என்னும் தலைவர் அவற்றை மிஷ்னா என்ற தொகுப்பாக ஒழுங்கு செய்தார். அதன் பின்னரும் பபிலோனியக் கல்விக்கூடங்களில் மிஷ்னாவை நெஞ்சிலே தாங்கி ஓதுவதைத் தொழிலாகக் கொண்டோர் இருந்தனர். இலங்கையின் பாணகரை ஒத்தவர் அவர். அக்கூடங்களில் பார்வையற்ற பேராசிரியர் இருவர் புகழ்பெற்று விளங்கினர். ஒருவர் ராவ் ஷேஷேத்; மற்றவர் ராவ் யோசேப். இவ்விருவரின் தீர்ப்புக்களும் தல்மூது என்னும் பெருநூலில் பலவிடத்தும் எடுத்தாளப்படுகின்றன.

ராவ் ஷேஷேத்தைப் பற்றித் தல்மூதில் ஒரு கதை உண்டு. அரசன் நகர் வலம் வருகிறான் என்று கேட்டு ஊரார் திரண்டு சென்றனர். ஷேஷேத்தும் உடன் சென்றார். கண்ணற்றவருக்கு அரசனைக் காண்பதில் என்ன பயன் என்று ஒருவன் எள்ளினான். முதற்படை பேரொலியுடன் வந்தது. அரசன் வந்துவிட்டான் என்றான் அவன். இல்லை என்றார் ஷேஷேத். இரண்டாம் படையும் ஆரவாரத்துடன் வந்தது. அப்போதும் அவ்வாறே விடையளித்தார். மூன்றாவது அணி ஒலியடங்கி வந்தது. இப்பொழுது வருபவனே அரசன் என்று அவர் சொல்ல, அவ்வாறே ஆயிற்று. பார்வையற்றவரைச் சுட்டுவதற்கு அம்மக்கள் வழங்கிய அரமேயச் சொற்றொடரின் பொருள் 'ஒளி மிகுந்தவர்' என்பது. குறையைச் சொல்லக் கூசி நிறையாகச் சொல்லும் இவ்வழக்கைத் தமிழிலக்கணம் மங்கலவழக்கு என்னும்.

நினைவாற்றல் எத்துணைப் பெரிதாயினும் அது உடலோடு பிணைந்தது. ராவ் யோசேப் மலைபோன்ற கல்வியுடையவர் எனப் போற்றப்பெற்றவர். நோயுற்று எழுந்தபோது தாம் கற்றவற்றில் பெரும்பகுதியை அவர் மறந்துவிட்டார். அவருடைய மாணாக்கர் அபாயே என்பவர், 'இதனைத் தாங்களே எமக்குக் கற்பித்தீர்கள்' என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அவருக்கு நினைவூட்டினார். கண்ணுள்ள அறிஞர் மறந்தால் ஏட்டைப் புரட்டிக் கொள்வார். கண்ணற்ற அறிஞர் மறந்தால் அவருக்கு ஓர் அபாயே வேண்டும். அத்தகைய மாணாக்கர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மேலும், எழுதப்பட்ட வேதத்தை நினைவிலிருந்து சொல்லலாகாது, ஏட்டைப் பார்த்தே வாசிக்க வேண்டும் என்ற விதியும் அம்மரபில் இருந்தது. ஆதலின் ஏட்டை அணுக இயலாமை, கல்வியில் மட்டுமன்றி வழிபாட்டிலும் ஒரு தடையாயிற்று.

தமிழ் நாட்டிலும் இத்தடையை எதிர்த்து நின்றவர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். அவர் தம் முதுகிலே பிறர் எழுத்தை எழுதிக் காட்டக் கற்றார் என்பது வழிவழி வந்த செய்தி. ஈழநாடு போந்து பரராசசேகர மன்னனைப் பாடிப் பரிசில் பெற்றார் என்றும் சொல்வர். முதுகில் எழுதிக் கற்றார் என்ற செய்தி சிந்திக்கத் தக்கது. எழுத்து என்பது கண்ணுக்கே உரிய பொருளன்று. தோலும் அதனை உணரும் என்ற உண்மை அதில் அடங்கியிருக்கின்றது. ஆயின் முதுகில் எழுதிய எழுத்து எழுதிய மறுகணமே மறைந்துபோகும். மீண்டும் மீண்டும் தொட்டுப் படிக்கத்தக்க நிலையான எழுத்து அக்காலத்தில் தோன்றவில்லை.

பிறர் படிக்கக் கேட்டாற் போதாதா, தாமே படிக்க வேண்டுமா என்று ஒருவர் வினவலாம். கண்டி இராச்சியத்தின் வரலாறே இதற்கு விடை கூறும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பாளிக் கல்வி பெரிதும் நலிந்திருந்தது. கற்பிக்க வல்லோர் அரியராயினர். 1698இல் பிறந்த வெலிவிட்ட சரணங்கரர், கிடைத்த ஏடுகளைத் தேடித் திரட்டி, அரிதின் முயன்று அம்மொழியைக் கற்றார். பின்னர் பலருக்குக் கற்பித்தார். 1753இல் சீயம் நாட்டுத் துறவியரை வரவழைத்து உபசம்பதை மீண்டும் நிலைபெறச் செய்ததிலும் அவரே முன்னின்றார். ஆசிரியர் மரபு அற்றுப்போகும் நிலையிலும் ஏடு இருந்தது; ஏட்டைத் தாமே படிக்க வல்ல ஒருவர் இருந்தார்; ஆதலின் கல்வி மீண்டும் தளிர்த்தது. தானே படிப்பவன் வேண்டிய இடத்தில் நிற்கலாம், ஐயுற்ற சொல்லுக்குத் திரும்பலாம், நள்ளிரவிலும் படிக்கலாம், உரையாசிரியரோடு வாதிடலாம். பிறர் வாயிலாகக் கேட்பவன் அவர் வேகத்திலேயே செல்ல வேண்டும். அவர் எழுந்து போனால் நூலும் எழுந்து போகும். பொழுதுபோக்கு நூலுக்கு இவ்வேறுபாடு சிறிது. சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து கற்க வேண்டிய நூலுக்கோ இதுவே கல்விக்கும் கேள்விக்கும் உள்ள இடைவெளி.

நிலையான தொட்டெழுத்தை உலகுக்கு அளித்தவர் பிரான்சு நாட்டு லூயி பிரெயில். 1809இல் பிறந்த அவர், தந்தையாரின் தோல்வேலைக் கூடத்தில் விளையாடும்போது கூரிய கருவி பட்டு, மூன்றாம் வயதில் கண் இழந்தார். பாரிஸ் நகரில் 1785இல் வாலாந்தின் ஹாயுய் தொடங்கிய பள்ளியில் அவர் பயின்றார். அங்கே உரோம எழுத்துக்களைப் புடைப்பாக அச்சிட்டுக் கற்பித்தனர். அவை கண்ணுக்கு அழகியன, விரலுக்குக் கடினம். படைவீரர் இருளிற் படிப்பதற்கெனப் பார்பியே என்பவர் வகுத்திருந்த புள்ளி முறையைச் சுருக்கி, ஆறே புள்ளிகளில் அடங்கும் எழுத்தைப் பிரெயில் தமது 15ஆம் வயதிலே வகுத்தார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறிகள் கிடைக்கும். ஒவ்வொரு குறியும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கும். பனையோலையில் எழுத்தாணி கீறிய எழுத்தும் இதுவும் ஒரு வகையில் உறவுடையன: இரண்டும் மையால் எழுதியவை அல்ல, கருவியால் அழுத்தியவை. ஓலையெழுத்து பள்ளமாகி, கரி பூசிய பின் கண்ணுக்குப் புலனாகும். பிரெயில் எழுத்து மேடாகி விரலுக்குப் புலனாகும்.

இம்முறையை எபிரேய மொழிக்குப் பொருத்துவது எளிதாக இல்லை. எபிரேயத்தில் 22 எழுத்துக்கள்; அவை மெய்யெழுத்துக்கள். உயிரொலிகள் எழுத்தின் மேலும் கீழும் உள்ளும் இடப்படும் சிறு புள்ளிகளாலும் கோடுகளாலும் உணர்த்தப்படும். எழுத்தோ வலமிருந்து இடமாகச் செல்லும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஒவ்வொரு நாட்டாரும் தமக்கென ஒரு முறையைக் கையாண்டனர். ஒரு நகரில் உருவான ஏட்டை மற்றொரு நகரத்தார் படிக்க இயலவில்லை. இளமையிலே பார்வை இழந்த ஹாரி பிரேவிஸ் என்பவர், 1926 முதல் 1929 வரை நியூயோர்க் நகரில் சமய குருவாகப் பயின்றபோது, வகுப்பிற் கேட்டவற்றைக் குறித்துக்கொள்ளத் தாமே ஒரு முறை வகுத்துக்கொண்டார். ஒரு மாணவனின் தேவையிற் பிறந்த அம்முறையே, 1930களில் வியன்னா, இலண்டன், நியூயோர்க் ஆகிய நகரங்களின் அறிஞர் அடங்கிய குழுவால் சிறு மாற்றங்களோடு ஏற்கப்பட்டு, அனைத்துலக எபிரேயப் பிரெயிலுக்கு அடிப்படையாயிற்று. 1944இல் அது நிறைவான வடிவம் பெற்றது.

அம்முறையில் ஒவ்வோர் உயிர்க்குறிக்கும் தனிக் கட்டம் உண்டு. மெய்யைத் தொட்ட பின் உயிரைத் தொடலாம். மற்றைய மொழிகளின் பிரெயிலைப் போலவே இதனையும் இடமிருந்து வலமாகப் படிப்பர். ஆனால் சட்டத்தில் தாளைப் பொருத்தி ஊசியால் குத்தி எழுதுபவர், தாளைப் புரட்டிய பின்னரே மேடு தோன்றுமாதலால், வலமிருந்து இடமாகவே எழுதிச் செல்வார். எழுதுபவரின் கை பழைய எபிரேய வழியில் செல்ல, படிப்பவரின் விரல் எதிர்வழியில் வருகிறது.

எழுத்து வகுத்தால் மட்டும் போதாது, நூல் வேண்டும். நூலைப் பெயர்த்தெழுதக் கைகள் வேண்டும். இங்கேதான் தொண்டர்கள் வருகிறார்கள். இங்கிலாந்தில் 1868இல், பார்வை மிகவும் குன்றியவரான மருத்துவர் ஆர்மிட்டேஜ் நிறுவிய சங்கமும், 1882இல் மார்த்தா ஆர்னல்ட் தொடங்கிய நூல்நிலையமும் வீட்டிலிருந்தபடியே பிரெயில் எழுதிக் கொடுத்த பெண்களின் உழைப்பால் வளர்ந்தன. முதல் உலகப் போரில் கண் இழந்த வீரருக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் இவ்வகைத் தொண்டர்களைத் திரட்டியது. 1931இல் நியூயோர்க் நகரில் யூதப் பிரெயில் நிலையம் தோன்றியபோது, யூத ஆலயங்களைச் சார்ந்த மாதர் சங்கங்களின் கூட்டமைப்பு அதனைத் தாங்கி நின்றது. அச்சங்கங்களின் பெண்கள் பலர் பிரெயில் பயின்று நூல்களைப் பெயர்த்தெழுதினர். ஊதியம் இல்லை, நூலின் முகப்பிற் பெயர் பெறும் ஆசிரியரும் அவரல்லர்.

அவர்கள் மேற்கொண்ட உழைப்பை அளந்து காண வேண்டும். ஒரு பிரெயில் பக்கத்தில் ஏறக்குறைய 25 வரிகள்; வரிக்கு ஏறக்குறைய 40 கட்டங்கள். ஆகவே அச்சுப் பக்கம் ஒன்று இரண்டு மூன்று பிரெயில் பக்கங்களாக விரியும். தல்மூது போன்ற கல்வி நூலில் இடர்ப்பாடு இன்னும் மிகுதி. வெனிஸ் நகரில் 1520 முதல் அச்சான பதிப்பிலிருந்து அதன் பக்க அமைப்பு மாறாமல் வருகிறது: நடுவே மூலம்; ஒருபுறம் ராஷி என்பவரின் உரை, அதுவும் வேறு வகை எழுத்தில்; மறுபுறம் பிற்காலத்தார் உரை. கண் ஒரே நோக்கில் மூன்றையும் காணும். விரலோ ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். எந்தச் சொல்லுக்கு எந்த உரை, அதனை எங்கே வைத்தால் படிப்பவர் வழி தவறமாட்டார் என்பதைப் பெயர்த்தெழுதுபவரே தீர்மானிக்க வேண்டும். ஆகவே அவர் வெறும் படியெடுப்பவர் அல்லர். நூலைக் கற்றவராகவும் இருத்தல் வேண்டும்.

'படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பது தமிழ்ப் பழமொழி. பிரெயிலுக்கும் அது பொருந்தும். எபிரேய அச்செழுத்தில் தாலெத், ரேஷ் என்னும் இரண்டும் கண்ணை மயக்கும். பழைய ஏடெழுதுவோர் அவற்றுக்கு அஞ்சினர். பிரெயிலில் அவ்விரண்டும் வேறு வேறானவை. அங்கே மயங்குபவை ஹே, யோத் என்பன. ஒன்றன் கண்ணாடி நிழலே மற்றொன்று. புறம் திருப்பி எழுதும் கை சிறிது அயர்ந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும், சொல்லே மாறிவிடும். படிப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதியும் இராது. ஆதலாற்றான் எழுதியதைப் பிறிதொருவர் தொட்டுப் பார்த்துத் திருத்தும் வழக்கம் ஏற்பட்டது. திருத்துநர் பலர் தாமே பார்வையற்றவர்கள். உதவி பெறுவோர் ஒருபுறம், உதவுவோர் மறுபுறம் என்ற பிரிவு இங்கே மறைந்து, இருவரும் ஒரே தொழிலின் இரு கைகளாயினர்.

இந்த உழைப்பின் அருமை இழப்பினால் மேலும் விளங்கியது. வியன்னா நகரில் 1872இல் தோன்றிப் பெயர்பெற்ற யூதப் பார்வையற்றோர் பள்ளி, 1938இல் நாஜிகள் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னர் அழிந்துபட்டது. ஐரோப்பிய யூதக் கல்விக்கூடங்கள் பலவும் அவ்வாறே அழிந்தன. ஒரு நெஞ்சில் மட்டும் எஞ்சிய நூலுக்கு நேரும் ஆபத்தே ஒரு பிரதியாக மட்டும் எஞ்சிய நூலுக்கும் நேரும். 1950ஆம் ஆண்டளவில் எபிரேய வேதம் முழுவதும் பிரெயிலில் வெளிவந்தபோது அது புதிய நூல் வெளியீடு மட்டுமன்று. அழிவிலிருந்து மீட்ட செயலுமாகும்.

தமிழின் வரலாறும் இதற்கு இணையாகவே சென்றது. 1890இல் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கித் தமிழுக்குப் பிரெயில் முறையும் அமைத்தார். இந்தியாவின் பிற பகுதிகளில் வேறு முறைகள் எழுந்தன. எபிரேயத்துக்கு நேர்ந்த குழப்பமே இங்கும் நேர்ந்தது. 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது; அதன் அடிப்படையிலேயே இலங்கையின் எழுத்துக்களும் அமைந்தன. தமிழின் 247 எழுத்துக்களும் சில குறிகளுக்குள் அடங்கின. 'கெ' என்னும் எழுத்தைக் கண்ணாற் படிப்பவர் கொம்பை முன்னே காண்பர்; விரலாற் படிப்பவர் ககரத்தைத் தொட்ட பின்னரே எகரத்தைத் தொடுவர். ஒலிக்கும் முறையே எழுத்தின் முறையுமாயிற்று. இலங்கையில் 1912இல் மேரி சப்மன் அம்மையார் தெகிவளையில் தொடங்கிய பள்ளி பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கெனக் கைதடியில் நவீல்ட் பள்ளி 1956இல் எழுந்தது.

கண்டி மலைநாட்டை நோக்கினால், மூலமொழிகளைக் கற்கும் நிலையங்கள் பல ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதைக் காணலாம். பேராதனையில் 1952 முதல் பல்கலைக்கழகம் நிலைகொண்டது. அம்பிட்டியாவில் 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் நிறுவிய குருமடம் 1955இல் பூனா நகருக்கு மாறிய பின், அவ்விடத்திலேயே தேசிய குருமடம் நடைபெற்று வருகிறது. பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இறையியற் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் மறைக்கல்வி புகட்டுகின்றது. உடவத்தைக்கலை வனத்தில் வாழ்ந்த ஞானபோணிகர், ஜெர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவருள் ஒருவர். பாளியும் வடமொழியும் எபிரேயமும் தமிழும் சிங்களமும் கற்கப்படும் இத்தகைய வட்டாரத்துக்குப் பார்வையற்ற மாணவர் ஒருவர் வருவாராயின், அவர் விரலுக்கு எட்டும் நூல்கள் எத்தனை என்பதே அங்குள்ள கல்வியை அளக்கும் கோலாகும்.

இன்று கணிப்பொறி அச்சு நூலைக் கணப்பொழுதில் பிரெயிலாக மாற்றுகின்றது. புள்ளிகள் எழுந்தமரும் மின்பலகையில் விரல் படிக்கின்றது. 2013இல் மராக்கேஷ் நகரில் உருவான உடன்படிக்கை, பார்வையற்றோருக்கான பிரதிகளைப் பதிப்புரிமைத் தடையின்றி ஆக்கவும் நாடு விட்டு நாடு அனுப்பவும் வழிசெய்தது. 2016இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது. ஆயினும் பழைய உரைநூலின் பக்கத்தைப் பிரித்து ஒழுங்கு செய்யவும், உயிர்க்குறி பிறழாது ஒப்பிடவும், கற்றறிந்த மனிதர் இன்னும் தேவைப்படுகின்றனர். பொறி எழுத்தை மாற்றும். எது மூலம், எது உரை என்று தெளிவது மனிதர் பணியே.

ஏடெழுதுதல் புண்ணியம் என்பது கண்டி நாட்டின் பழைய நம்பிக்கை. கோவில்தோறும் மடந்தோறும் புராண ஏடுகளைப் படியெடுத்துக் கொடுத்தது தமிழரின் வழக்கம். அன்று எழுதியவர் தாம் எழுதியதைத் தாமே படிக்கவும் வல்லவர். பிரெயில் எழுதும் தொண்டரோ தமக்குத் தேவையில்லாத எழுத்தைப் பிறருக்காகவே கற்கின்றார். கல்வியைக் கொடையாகக் கொடுத்தோரை உலகம் போற்றுகின்றது. தானே கற்கும் உரிமையைக் கொடுத்தோரும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.